மூடிய வாயிலின் அருகே: லாஹௌல், லடாக் மலைவழிகளில் மொரேவிய அருட்பணியாளர்

திருச்சபையின் வரலாற்றைப் பயிலும் நாம், பெரும்பாலும் நூல்களையும் மாமன்றங்களையும் கோட்பாட்டுச் சர்ச்சைகளையும் நோக்குகிறோமேயன்றி, நடந்த கால்களை நோக்குவதில்லை. யார், எவ்வழியே, எத்தனை நாள் நடந்து, எவருடைய வீட்டில் இராத்தங்கினர் என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியனுக்கு அற்பமானவையாகத் தோன்றக்கூடும். ஆயினும் சில திருப்பணிகளின் உட்பொருள் அவை நடந்த வழியை அறியாமல் விளங்காது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இமயமலைக்கு அப்பாலுள்ள லாஹௌல், கின்னௌர், லடாக் ஆகிய நிலப்பகுதிகளில் மொரேவியச் சகோதரர் ஆற்றிய பணி அத்தகையது. அவர்கள் ஓரிடத்துக்குச் செல்ல விரும்பிப் புறப்பட்டனர். வேறோரிடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டனர். நின்ற இடத்திலேயே தங்கள் வாழ்நாளைக் கழித்தனர். சென்றடைய விரும்பிய மக்களுக்கும், நடுவே வாழ நேரிட்ட மக்களுக்கும் இடையே ஓர் அருட்பணியாளனின் கடமை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் வினா.

1. வழியும் நிலமும்

குலு பள்ளத்தாக்கின் வடகோடியில் மணாலி உள்ளது. அங்கிருந்து வடக்கே ஏறும் வழி ரோத்தாங் கணவாயை அடைகிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 13,000 அடி உயரமுள்ள இக்கணவாயின் பெயருக்குப் பிணக்குவியல் என்று பொருள் கூறுவர். நண்பகலுக்குப்பின் அங்கே வீசும் குளிர்காற்றும் திடீர்ப் பனிப்பொழிவும் வழிப்போக்கர் பலரின் உயிரைக் கொண்டமையின், விடியுமுன்னே புறப்பட்டு முற்பகலிலேயே கணவாயைக் கடந்துவிடுவது அம்மலைமக்களின் வழக்கம். தென்புறத்தில் தேவதாரு மரங்களும் மழையும் உண்டு. கணவாயைத் தாண்டியதும் மழைமேகம் பின்தங்கிவிடுகிறது. மரமற்ற மலைகளும், பனியாறுகளின் நீரைக் கால்வாயில் கொணர்ந்து விளைவித்த வாற்கோதுமை வயல்களும், தட்டையான கூரையுள்ள கல்வீடுகளும் கண்ணில் படுகின்றன. இதுவே லாஹௌல்.

இங்கே சந்திரா, பாகா என்னும் ஈராறுகள் தாண்டி என்ற ஊரில் கூடி, செனாப் எனப் பின்னர் பெயர் பெறும் சந்திரபாகாவாக ஓடுகின்றன. பாகா ஆற்றின் கரைமேல், ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் கேலாங் உள்ளது; எதிர்க்கரை மலைச்சரிவில் கார்தாங் என்னும் பௌத்த மடாலயம் நிற்கிறது. கேலாங்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16,000 அடி உயரமான பாராலாச்சா கணவாயைக் கடந்து, கூடாரங்களில் வாழும் மேய்ப்பரின் ருப்ஷு மேட்டுநிலத்தினூடே சென்று, அதனினும் உயர்ந்த தக்லாங் கணவாயையும் ஏறியிறங்கினால் சிந்துநதிப் பள்ளத்தாக்கும் லே நகரமும் எதிர்ப்படும். மணாலியிலிருந்து லே வரையிலும் இரு வாரங்களுக்கு மேற்பட்ட நடை.

இவ்வழி வெறும் பாழ்நிலமன்று. ஊர்தோறும் மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய நீண்ட மணிச்சுவர்களும், சோர்த்தென் எனப்படும் தூபிகளும் வழிப்போக்கனை எதிர்கொள்கின்றன. அச்சுவரைத் தன் வலப்புறமாக வைத்துக் கடப்பதே முறை. லாஹௌலின் திரிலோகநாதர் ஆலயத்தில் ஒரே திருவுருவத்தை இந்துக்கள் சிவனாகவும், பௌத்தர்கள் அவலோகிதேசுவரராகவும் வணங்குகின்றனர். எனவே, அருட்பணியாளர் வந்தபோது இம்மலைகள் சமயமற்ற வெற்றிடமாக இருந்தன என்று எண்ணுவது பெரும்பிழையாகும். ஆழ்ந்த மரபும் எழுத்தும் கலையும் உடைய ஒரு பண்பாட்டின் நடுவே அவர்கள் அந்நியராக நுழைந்தனர்.

2. முன் நடந்தவர்கள்

மொரேவியருக்கு முன்பே இம்மலைகளை ஐரோப்பியர் சிலர் கால்நடையாகக் கடந்திருந்தனர். 1624இல் அந்தோனியோ தெ அந்திராதே என்னும் போர்த்துக்கீசிய இயேசுசபைக் குரு, ஆக்ராவிலிருந்து பத்ரிநாத் யாத்திரிகருடன் புறப்பட்டு, மானா கணவாயைப் பனியில் கடந்து, மேற்குத் திபெத்தின் கூகே அரசின் தலைநகரான சாப்பராங்கை அடைந்தார். 1626இல் அங்கே ஓர் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் 1630இல் கூகே அரசு லடாக்கிடம் வீழ்ந்தது; அப்பணியும் நிலைக்கவில்லை. அரசனின் ஆதரவில் எழுந்தது அரசனோடு வீழ்ந்தது.

இரண்டாமவர் அருட்பணியாளர் அல்லர். ஹங்கேரி நாட்டு மொழியறிஞரான அலெக்சாந்தர் சோமா தெ கெரசு, தம் இனத்தாரின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டவர். 1823 முதல் சன்ஸ்காரின் சாங்லாவிலும், பின்னர் புக்தால் மடாலயத்திலும், அதன்பின் கின்னௌரின் கானமிலும் கடுங்குளிரில் தங்கி, லாமா ஒருவரின் துணையுடன் திபெத்திய மொழியைக் கற்றார். தேடிவந்ததை அவர் காணவில்லை. ஆனால் 1834இல் கல்கத்தாவில் வெளியான அவருடைய திபெத்திய அகராதியும் இலக்கணமும் பின்வந்தோர் அனைவருக்கும் அடிப்படையாயின. நாடியது கிட்டாதபோது கிட்டியதில் உண்மையாயிருத்தல் என்னும் பாடத்தை இம்மலைகளில் முதலில் கற்பித்தவர் இவரே எனலாம்.

3. மங்கோலியாவுக்குப் புறப்பட்ட இருவர்

ஜெர்மனியில் சின்சென்தோர்ப் பிரபுவின் நிலத்தில் 1722இல் தோன்றிய எர்ன்கூத் குடியிருப்பிலிருந்து, 1732 முதல் மொரேவியச் சகோதரர் உலகின் பல மூலைகளுக்கும் சென்றனர். நம் தரங்கம்பாடியும் அவர்களை அறியும். நிக்கோபார் தீவுகளை நோக்கமாகக் கொண்டு 1760இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சகோதரர், அவ்வூருக்கருகே தோட்டமொன்றை அமைத்து வாழ்ந்தனர். நிக்கோபார் பணி நோயாலும் மரணத்தாலும் கைவிடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியையும் விட்டு அவர்கள் நீங்கினர். ஆகவே ஓரிடத்தை நாடி வந்து மற்றோரிடத்தில் தங்க நேரிடுவது அவர்களுக்குப் புதியதன்று.

1853இல் அகஸ்து வில்லெல்ம் ஐடே, எதுவார்த் பாகெல் என்னும் இரு இளைஞர் மங்கோலியருக்கு நற்செய்தி கூறுமாறு அனுப்பப்பட்டனர். ரஷ்யப் பேரரசு தன் நிலவழியே செல்ல அவர்களுக்கு இசைவளிக்கவில்லை. எனவே கடல்வழியாகக் கல்கத்தாவை அடைந்து, இமயத்தின் வழியே திபெத்தினூடே மங்கோலியா செல்ல எண்ணினர். சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கரில் தங்கி மொழி பயின்றபின், 1855இல் லாஹௌல் வழியாக லடாக்வரை நடந்தனர். திபெத்தின் எல்லை அவர்களுக்குத் திறக்கவில்லை. லடாக் அப்போது ஜம்மு காஷ்மீர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது; அங்கே குடியேறவும் இசைவு கிடைக்கவில்லை. 1846 முதல் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வந்திருந்த லாஹௌல் மட்டுமே எஞ்சியது. 1856இல் கேலாங்கில் வீடு கட்டத் தொடங்கினர்.

இங்கே ஒன்றை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டும். கேலாங் அவர்களுடைய தெரிவன்று. அது பேரரசின் எல்லைக்கோடு வரைந்து கொடுத்த இடம். அந்நாளைய ஆட்சியில் பேகார் எனப்பட்ட கட்டாயச் சுமைப்பணி மலைமக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. வெள்ளைத் தோலுடன் வந்த எவரையும் அம்மக்கள் முதலில் அதே அச்சத்துடன் நோக்கியிருந்தால் அதில் வியப்பில்லை. தூதுவன் எத்துணைத் தூயவனாயினும், அவனை உள்ளேவிட்ட கதவு எவருடையது என்னும் வினா அவனைப் பின்தொடரவே செய்யும்.

4. கேலாங்கின் வாழ்வு

1859இல் சகோதரருக்கு மனைவியராக மூன்று பெண்கள் ஐரோப்பாவிலிருந்து வந்துசேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் தென் அமெரிக்காவின் சூரினாமில் அருட்பணியாளருக்கு மகளாகப் பிறந்த மரியா ஹார்ட்மன். ஐடேயை மணந்த அவர் நாற்பது ஆண்டளவு கேலாங்கில் வாழ்ந்தார். ஆண்டில் ஏறத்தாழ பாதிக் காலம் கணவாய்கள் பனியால் அடைபட்டிருக்கும். மடல் வருவதும் அரிது. பிள்ளைகள் சிலரை அம்மலைச்சரிவிலேயே அடக்கம் செய்தனர். இத்துயரங்களின் நடுவே மரியா அம்மையார் லாஹௌல் பெண்களைக் கூட்டிக் கம்பளிநூல் கொண்டு காலுறை பின்னக் கற்பித்தார். நூல் நூற்றலும் நெய்தலும் அம்மக்கள் முன்பே அறிந்தவை; ஊசிகொண்டு பின்னுதல் புதியது. குளிர்கால மாதங்களில் வீட்டுக்குள் அடைபட்ட கைகளுக்கு அது வேலையும், பின்னாளில் வருவாயும் தந்தது. உருளைக்கிழங்கையும் சகோதரரே அப்பள்ளத்தாக்கில் அறிமுகப்படுத்தினர் என்பர். பள்ளி ஒன்றும் கல்லச்சுக்கூடம் ஒன்றும் அமைந்தன.

ஆனால் திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலரே. முதல் திருமுழுக்கு 1865இல்தான் நிகழ்ந்தது. அப்போதும் பெற்றவர்கள் லாஹௌல் மக்கள் அல்லர். லடாக்கிலிருந்து வந்து தங்கியவர்கள். பின்னரும் கேலாங்கின் சிறு சபையில் பெரும்பாலோர் வந்தேறிகளே.

அதே 1865இல் பாகெல் தம்பதியர் கின்னௌரில் சட்லெஜ் ஆற்றின்மேல், திபெத்திய எல்லைக்கு அருகேயுள்ள பூ என்னும் சிற்றூருக்குச் சென்றனர். அங்கிருந்து எல்லைக் கணவாய் எட்டும் தூரத்தில் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் அவ்வாயிலின் அருகே இருந்து, 1883 ஜனவரியில் கணவனும் மனைவியும் சில நாட்கள் இடைவெளியில் அங்கேயே இறந்தனர். மங்கோலியாவை அவர்கள் காணவில்லை.

5. எந்த மொழி, எந்தச் சொல்?

1857இல் கேலாங் வந்துசேர்ந்த எயின்ரிக் அகஸ்து எஷ்கே என்பவர் இப்பணிக்கு அறிவுத் தலைவராக விளங்கினார். வந்த ஆண்டிலேயே கணவாய்களைக் கடந்து லடாக் சென்று, லேக்கு எதிரேயுள்ள ஸ்டோக் கிராமத்தில் ஓர் இல்லத்தில் தங்கி, பேச்சையும் வழக்கையும் காதால் கேட்டுக் கற்றார். ஏட்டில் உள்ள சொல் ஊருக்கு ஊர் எவ்வாறு ஒலிமாறுகிறது, எப்பொருளில் வழங்குகிறது என்பதை நடந்து நடந்து குறித்துக்கொண்டார். 1868இல் நலிந்த உடலோடு ஐரோப்பா திரும்பினார். 1881இல் லண்டனில் வெளியான அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி இன்றும் அறிஞர் எடுத்துப் பார்க்கும் நூல். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைப் பெரும்பகுதி முடித்துவிட்டு 1883இல் அவர் மறைந்தார். 1885இல் அது அச்சில் முழுமையாக வெளிவந்தது.

அவர்முன் இரு சிக்கல்கள் நின்றன. முதலாவது, கடவுளுக்கு எச்சொல்லை வழங்குவது என்பது. எஷ்கே ‘கொன்ச்சோக்’ என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தார். அரியதும் மேலானதும் என்பது அதன் பொருள். பௌத்தர் நாவில் அது புத்தர், அறம், சங்கம் என்னும் மும்மணிகளைக் குறிப்பது. படைத்தவர் என்னும் கருத்து அதில் இல்லை. எனினும் மக்கள் வணக்கத்துடன் உச்சரிக்கும் சொல் அது. நம்மிடையேயும் பப்ரிசியுஸ் ஐயர் ‘பராபரன்’ என்றதும், 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றதும், 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றதும் நினைவுக்கு வரும். எச்சொல்லும் வெறுங்கலமாக வருவதில்லை. அதனுள் முன்னமே ஒரு மரபு நிறைந்திருக்கிறது. அதை ஊற்றிவிட்டுப் புதியதை நிரப்ப இயலாது. இரண்டும் கலந்து உரையாடவே வேண்டும்.

இரண்டாவது சிக்கல் மேலும் கடினமானது. லாஹௌல் மக்கள் தத்தம் பள்ளத்தாக்கிற்குரிய வெவ்வேறு மொழிகளைப் பேசினர். லடாக்கியரின் பேச்சுமொழியும் ஏட்டுத் திபெத்திய மொழியினின்று விலகியது. எஷ்கே தெரிந்துகொண்டதோ, லடாக் முதல் லாசாவுக்கு அப்பாலும் கற்றோர் படிக்கக்கூடிய ஏட்டுமொழி. அதாவது, அருகிலிருந்த உழவனைவிடத் தொலைவிலிருந்த வாசகனையே அவர் முன்னிறுத்தினார். இது குறையா? ஒருவகையில் ஆம். கேலாங்கில் உழவர் சபையொன்று எழாமைக்குக் காரணங்கள் பல; நெருங்கிய உறவுக்கட்டும் பண்டைச் சமயப் பற்றும் அவற்றுள் அடங்கும். எனினும், தம் ஊரை ஒரு வழித்தங்கலாகவே கருதி, வடக்கே பார்த்துக்கொண்டிருந்த விருந்தினரின் நோக்கை அம்மக்களும் உணர்ந்திருக்கக்கூடும் அன்றோ?

6. லே நகரமும் யோசேபு கெர்கனும்

1885இல் லே நகரத்தில் பணி தொடங்க இசைவு கிடைத்தது. பிரெட்ரிக் ரெட்ஸ்லோப் அதன் முதல்வர். கார்ல் மார்க்ஸ் என்னும் பெயருடைய மருத்துவரும் அவருடன் பணியாற்றினார். 1891இல் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் நோயாளிகளிடையே உழைத்த இருவரும் இறந்தனர். 1896இல் வந்த அகஸ்து ஏர்மன் பிராங்கே, ஊர் ஊராக நடந்து நாட்டுப்பாடல்களையும் கேசர் வீரகதையையும் பாறைக் கல்வெட்டுகளையும் திரட்டினார். 1904இல் ‘லடாக் அக்பார்’ என்னும் செய்தித்தாளைத் திபெத்திய எழுத்தில் கல்லச்சில் வெளியிட்டார். 1909இல் இந்தியத் தொல்லியல் துறைக்காகச் சிம்லாவில் புறப்பட்டு, கின்னௌர், ஸ்பிட்டி, ருப்ஷு, லே வழியாக ஸ்ரீநகர் வரையிலும் சென்றார். அப்பயணத்தின் பயனான ‘இந்தியத் திபெத்தின் தொன்மைகள்’ என்ற நூல் 1914இலும் 1926இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. பிற சமயத்தாரின் வரலாற்றைக் காப்பது அருட்பணியாளனின் வேலையா என்று கேட்போர் உளர். தான் விருந்தினனாக வந்த வீட்டின் நினைவைப் பேணுவதும் அன்பின் கடனே என்பது பிராங்கேயின் வாழ்வு தரும் விடை.

பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் பணியைத் தாங்கியவர் யோசேபு கெர்கன் (1878–1946) என்னும் அந்நாட்டவர். ஆசிரியராக இருந்த அவர் 1920இல் ஆயராக அருட்பொழிவு பெற்றார். பல்லாண்டுகள் உழைத்து மொழிபெயர்ப்பை நிறைவேற்றி, எஷ்கேயின் புதிய ஏற்பாட்டைத் திருத்துவதிலும் ஈடுபட்டார். அதனோடு தம் மக்களின் வரலாற்றையும் விரிவாக எழுதினார். அந்நூல் அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின் 1976இல் அவருடைய மகனால் வெளியிடப்பட்டது. முழுத் திபெத்தியத் திருமறை 1948இல் லாகூரில் அச்சேறியபோது கெர்கன் உயிருடன் இல்லை. நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது; லடாக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. இம்மொழிபெயர்ப்பை ஐரோப்பியரின் சாதனையாக மட்டும் கூறும் வழக்கம் மாறவேண்டும். வந்தவர் தொடங்கினர், அம்மண்ணுக்குரியவரே முடித்தார்.

7. மதிப்பீடு

பூவின் பணி 1924இலும், கேலாங்கின் பணி 1940இலும் முடிவுற்றன. ஐடே 1898இல் கேலாங்கை விட்டு டார்ஜிலிங் சென்று, சரத் சந்திர தாஸ் இயற்றி 1902இல் வெளியான திபெத்திய அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவராகப் பணிபுரிந்து, 1903இல், ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், தாய்நாடு திரும்பினார். கணக்கேடு எழுதுபவன் இதனைத் தோல்வி என்று முடித்துவிடலாம். லே நகரத்திலும் சுற்றிலும் ஒரு சிறு சபையும் பள்ளியும் மட்டுமே இன்று நிற்கின்றன.

ஆயினும் நின்றவை எவை என்று கூர்ந்து நோக்குவோம். லாஹௌலில் நின்றவை காலுறையும் கிழங்கும். அப்பள்ளத்தாக்கின் விதைக்கிழங்கு பின்னாளில் பெயர்பெற்றது; லாஹௌலின் பின்னல் காலுறைகளும் கையுறைகளும் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. அதாவது, அங்குள்ள மக்களுக்காகவே, அவர்களுடைய குளிரையும் பசியையும் கண்டு செய்யப்பட்டவை அங்கே நிலைத்தன. தொலைவிலுள்ளோரை நோக்கிச் செய்யப்பட்ட மொழிப்பணியோ லாஹௌலில் நிலைக்கவில்லை. அது வேறோரிடத்தில் பயன் தந்தது. 1959இல் திபெத்திய மக்கள் தம் நாட்டைவிட்டு ஏதிலிகளாய் இமயத்தைக் கடந்து வந்தனர். லே நகரின் அருகே சோக்லம்சாரிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். நூறாண்டு காலம் வெளியிலிருந்து தட்டியும் திறவாத வாயில் உள்ளிருந்து திறந்தது. அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் திருமறை பதினோராண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாயிருந்தது.

இதனை வெற்றிப் பாட்டாகப் பாடிவிடுதல் தகாது. ஒரு மக்களினத்தின் துயரம் மற்றொரு சபையின் வாய்ப்பாகக் கணக்கிடப்படுமாயின், அது நற்செய்திக்கே இழுக்கு. நாம் கற்கவேண்டியது வேறு. பித்தினியாவுக்குச் செல்ல விழைந்த பவுலடியாருக்கு அவ்வழி அடைபட்டபோது துரோவாவில் நின்றார். நின்ற இடத்தில் ஓர் இரவு மட்டுமே காத்திருந்தார். ஐடேயும் பாகெலும் தங்கள் துரோவாவில் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தனர். அக்காத்திருப்பில் மரியா அம்மையார் அண்டை வீட்டுப் பெண்ணின் வெறுங்கால்களைக் கண்டார். எஷ்கே தொலைதூர வாசகனைக் கண்டார். இரு பார்வையும் திருப்பணிக்கு வேண்டும். ஒன்று மற்றொன்றை மறைக்கும்போதே பிழை நேர்கிறது.

2020 அக்டோபரில் ரோத்தாங்கின் அடியில் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கவழி திறக்கப்பட்டது. பல மணி நேர ஏற்றத்தைச் சில நிமிடங்களில் கடந்து, மலையழகைக் காணத் திரளான பயணிகள் லாஹௌலுக்குச் செல்கின்றனர். பனிக்கால நோயாளிக்கு அவ்வழி உயிர்காப்பது. அதனைக் குறைகூறுவார் இலர். ஆனால் விரைந்து கடப்பவன் ஊரைக் காண்பானேயன்றி ஊராரை அறியான். நம் இறையியல் மாணவர் நாளை ஒரு சேகரத்திற்கு அனுப்பப்படும்போது, அது அவர்கள் விரும்பிய இடமாக இராமற்போகலாம். அடுத்த மாற்றலை எதிர்நோக்கும் வழித்தங்கலாகவே அது தோன்றலாம். அப்போது கேலாங்கின் கல்வீட்டை அவர்கள் நினைவுகூர்வார்களாக. நாம் போக எண்ணிய இடத்தை நாம் அறிவோம். நாம் நிற்கும் இடத்தில் வெறுங்காலோடு நிற்பவர் யார் என்று கண்டோமா?